பதினொரு பெட்டி

அத்தியாயம் 9

எதிரி எழுதிய கடிதத்தில் ‘தயவுசெய்து’ என்ற சொல் இரண்டு தடவை வந்திருந்தது.

மயூரி இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டாள். மார்க்கம் வீதியில், பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் ஹீற்றர் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே பிரவீண் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

“காட்டிக் குடுக்கறவங்க இவ்வளவு மரியாதையாவா எழுதுவாங்க மேடம்? என்னை வேலையை விட்டுத் தூக்கின லெட்டர்ல கூட ஒரு ப்ளீஸ் இல்ல.”

பிரவீண் கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலை போனதும் ‘ரெண்டே ரெண்டு வாரம்’ என்று சொல்லி மயூரியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். எட்டு மாதமாகிவிட்டது. மயூரி யாழ்ப்பாணத்துப் பெற்றோரோடு ஆறு வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவள். காப்புறுதி நிறுவனமொன்றில் பன்னிரண்டு வருடம் பொய் சொல்பவர்களைக் கண்டுபிடித்துக் களைத்து, பிறகு சொந்தமாக இந்தக் கதவைத் திறந்தவள்.

“மேடம் எண்டு கூப்பிடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“சரிங்க மேடம்.”

வழக்கு இறைச்சி பற்றியது. ஸ்காபரோவில் இருபது வருடமாக ஆட்டிறைச்சிக் கடை நடத்தும் இரத்தினவேல், ஒவ்வொரு வியாழக்கிழமையும் தன் வெள்ளை வான் வண்டியில் ஐந்தரை மணி நேரம் ஓடி, மொன்றியலில் கடை வைத்திருந்த தங்கை சந்திரவதனாவுக்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். ஒன்பது வருடம். ஒரு கிழமை தவறியதில்லை. ஐந்து கிழமைக்கு முன்னர், கியூபெக் மாகாணத்துக்குள் நுழைந்த மறு நிமிடமே வானை மறித்தார்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டுபோய் அழித்தார்கள். வழக்குப் பதிவானது. வரத்து நின்றதால் மொன்றியல் கடை மூடப்பட்டது. தங்கை ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“எனக்கு இன்னும் புரியல,” என்றான் பிரவீண். “ஒரே நாடு. ஒரே பாஸ்போர்ட். நடுவுல ஒரு கேட் கூடக் கிடையாது. நான் போலாம், என் கார் போலாம். ஆட்டுக்கறி மட்டும் போகக்கூடாதா?”

“ஒன்ராறியோ முத்திரை குத்தின இறைச்சியை ஒன்ராறியோவுக்குள்ள எங்கயும் விக்கலாம். எல்லை தாண்டி விக்கிறதெண்டா மத்திய அரசின்ர லைசென்ஸ் உள்ள இடத்தில வெட்டியிருக்கவேணும். அது பெரிய ஆலையளுக்குத்தான் சரிவரும். சின்ன இடங்களுக்குக் கிடையாது.”

“ஆடு உயிரோட போனா?”

“போகலாம்.”

“அப்ப முன் சீட்ல உக்கார வச்சு, சீட் பெல்ட் மாட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?”

மயூரி சிரிக்கவில்லை. அமெரிக்கா வரி போட்ட நாளிலிருந்து, மாகாணங்களுக்கு நடுவில் இருக்கும் சுவர்களையெல்லாம் இடிக்கப்போகிறோம் என்று தொலைக்காட்சியில் வராத அரசியல்வாதி இல்லை. எத்தனையோ சுவர் இடிந்தது. இந்தச் சுவர் இரத்தினவேலின் வானுக்கு முன்னால் அப்படியே நின்றது.

வானைக் காட்டிக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. இரத்தினவேலிடம் பதில் தயாராக இருந்தது. றொபேட். பதினான்கு வருடம் அவர் கடையில் இறைச்சி வெட்டியவர். வான் பிடிபடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், “உது சட்டத்துக்கு மாறான வேலை, இனி நான் பெட்டி ஏத்தமாட்டன்” என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவர். அது போதாதா? வான் பிடிபட்ட அன்றே இரத்தினவேல் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். நிறுத்தியதோடு விடவில்லை. ஸ்காபரோவில் உள்ள மற்ற ஆறு இறைச்சிக் கடைக்கும் தானே தொலைபேசி எடுத்து, காட்டிக் கொடுத்தவன் இவன் என்று சொன்னார். எங்கும் வேலை கிடைக்காமல் றொபேட் பிறம்ரனில் ஒரு பண்டகசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது இரத்தினவேலுக்கு வேண்டியது, றொபேட்தான் என்று மயூரி எழுத்தில் தரும் அத்தாட்சி.

அந்தக் கடிதத்தை நேற்றுத்தான் இரத்தினவேலின் வழக்கறிஞர் அனுப்பியிருந்தார். அரச தரப்பு கொடுத்த ஆவணம். இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதிய முறைப்பாடு. எழுதியவரின் பெயருக்கு மேல் கறுப்புப் பட்டை.

மயூரி மறுபடியும் தமிழில் சொல்லிப் பார்த்தாள். “நாளை வியாழன் காலை பதினொரு மணியளவில், இருபதாம் நெடுஞ்சாலையின் முதலாவது எக்சிற் பக்கம் ஒரு வெள்ளை வான் வரும். உள்ளே பதினொரு பெட்டி ஆட்டிறைச்சி. ஒன்ராறியோ முத்திரை. தயவுசெய்து எல்லை தாண்டியவுடன் மறியுங்கள். தயவுசெய்து அகலமான இடத்தில் மறியுங்கள். சாரதியால் உடனே பிரேக் பிடிக்க முடியாமல் போகலாம்.”

“இருபதாம் நெடுஞ்சாலையா? நம்ம 401 தானே அது?”

“இஞ்ச இருக்கிற எங்களுக்கு அது 401. எல்லையில முடியும். அங்கால அதே ரோட்டுக்குப் பேர் இருபது, எக்சிற் நம்பரும் ஒண்டிலயிருந்து தொடங்கும்.” மயூரி கோட்டை எடுத்து மாட்டினாள். “எழும்பும். பிறம்ரனுக்குப் போவம்.”

*

பண்டகசாலைக்கு வெளியே, புகைப்பவர்களுக்கு ஒதுக்கிய கூரையின் கீழ் றொபேட் நின்றார். அவர் புகைப்பதில்லை. பன்னிரண்டரைக்கு அரை மணி நேர இடைவேளை. உள்ளே இருந்தால் யாராவது கதை கேட்பார்கள் என்று குளிரில் நின்று சான்ட்விச் பாணைத் தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இறைச்சி வெட்டிய தோள்கள். மஞ்சள் மேலங்கி அவருக்குச் சிறிதாக இருந்தது.

மயூரி தன்னையும் பிரவீணையும் அறிமுகம் செய்தாள். யார் அனுப்பியது என்றும் மறைக்காமல் சொன்னாள்.

றொபேட் கேட்ட முதல் கேள்வி: “அண்ணையின்ர கால் எப்பிடி இருக்கு?”

“கட்டுப் போட்டிருக்கு. வலது கால் பெருவிரலை எடுத்திட்டினம்.”

றொபேட் பாணைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

“றொபேட் அண்ணை, வானை எங்க வச்சுப் பிடிச்சவை?”

“401 முடியிற இடத்தில எண்டு கேள்விப்பட்டன்.”

பிரவீண் மயூரியைப் பார்த்தான். மயூரி அவனைப் பார்க்கவில்லை.

“காட்டிக் குடுத்தது ஆரெண்டு நினைக்கிறியள்?”

றொபேட் தரிப்பிடத்தில் பின்வாங்கிக்கொண்டிருந்த பாரவூர்தியைப் பார்த்தார். அது நிற்கும் வரைக்கும் பார்த்தார். பிறகு, “நான்தான்,” என்றார்.

“என்ன?”

“நான்தான் எண்டு எழுதிக் குடுங்கோ தங்கச்சி. அவர் நினைச்சதுதான் சரி. விசயம் முடிஞ்சுது. நான் கையெழுத்தும் வைக்கிறன்.”

மயூரி தலையாட்டினாள். பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு படிவம் நிரப்பும் கிளார்க்கின் குரலில் கேட்டாள்.

“சரி. முறைப்பாட்டில பெட்டிக் கணக்கும் எழுதியிருக்கிறியள். எத்தினை பெட்டி?”

“நாப்பது.”

“நாப்பதோ?”

“தீபாவளி நேரம்... நாப்பத்தெட்டா இருக்கும்.”

“பதினொண்டு,” என்றாள் மயூரி மெதுவாக. “தீபாவளிக்கு அடுத்த கிழமை. நீங்கள் பெட்டி ஏத்துறதை விட்டு ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு வியாழக்கிழமையில நீங்கள் வேலைக்கு வந்தது ஒன்பது மணிக்கு. வான் வெளிக்கிட்டது விடிய ஆறுக்கு. அதில எத்தினை பெட்டி இருந்தது எண்டு உங்களுக்குத் தெரிய வழியில்லை.”

றொபேட் மேலங்கியின் பொத்தானைத் திருகினார்.

“ஏன் அண்ணை செய்யாததைச் செய்தன் எண்டுறியள்?”

“நான் செய்யேல்லை எண்டா வேற ஆரோ செய்ததெண்டு ஆகும். பிறகு அவர் தேடுவார்.” றொபேட் பொத்தானை விட்டுவிட்டார். “தேடிக் கண்டுபிடிச்சார் எண்டா அந்தாளுக்கு ஒருத்தரும் மிச்சமில்லாமப் போகும். மனிசியும் செத்து மூண்டு வருசம். பிள்ளையளும் இல்லை.”

“பெட்டி ஏத்தமாட்டன் எண்டது சட்டத்துக்குப் பயந்தோ?”

“ஒன்பது வருசம் ஏத்தினனான், அப்ப வராத பயமே?” றொபேட் கசப்பாகச் சிரித்தார். “அந்தாளுக்குச் சீனி வருத்தம், டயபிற்றிஸ். காலில உணர்வில்லை. புரட்டாதியில ஒருநாள் கிங்ஸ்ரனுக்குக் கிட்ட வானைக் கொண்டுபோய்த் தடுப்பில உரசிக்கொண்டு வந்தார். வானின்ர பக்கக் கண்ணாடி இல்லை. கேட்டா, மான் குறுக்க வந்தது எண்டார். நான் பெட்டி ஏத்தாட்டி ஓடமாட்டார் எண்டு நினைச்சன். சட்டம் எண்டு சொன்னா அவருக்கு வெக்கம் வராது. கால் எண்டு சொன்னா வெக்கப்படுவார். அதுதான் சட்டம் எண்டனான்.”

“இதை வேற ஆருக்குச் சொன்னனீங்கள்?”

மணி அடித்தது. இடைவேளை முடிந்தது. றொபேட் பதில் சொல்லாமல் கையுறையை மாட்டினார். பதில் சொல்லாததே மயூரிக்குப் போதுமாக இருந்தது.

*

கார் கிழக்கே திரும்பி 407 நெடுஞ்சாலையில் ஏறியது. பிரவீண் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து மடியில் விரித்தான்.

“மேடம், கம்ப்ளெயின்ட் வந்த நேரம் இங்க இருக்கு. புதன்கிழமை சாயங்காலம் நாலு பதினஞ்சு.”

“ம்.”

“பெட்டி ஏத்தினது வியாழன் விடியக்காலை. இரத்தினவேல் சார் தனியா ஏத்தியிருக்காரு. ஆனா புதன் சாயங்காலமே ஒருத்தருக்குப் பதினொண்ணுன்னு தெரிஞ்சிருக்கு. அப்படின்னா ரெண்டே பேர்தான். ஒண்ணு ஆர்டர் எடுத்தவர்...” அவன் நிறுத்தினான். “இல்ல. வேண்டாம் மேடம். மொன்றியல்ல போட்டிக் கடைக்காரன் எவனாவது இருப்பான். அவனும் ‘இருபது’ன்னுதான் சொல்லுவான்.”

“போட்டிக் கடைக்காரன் எண்டா எந்தக் கிழமையைப் பிடிப்பான்?”

பிரவீண் யோசித்தான். “தீபாவளி வாரத்தை. நாப்பத்தெட்டுப் பெட்டி.”

“இந்த ஆள் அதை விட்டிட்டு அடுத்த கிழமையைத் தெரிஞ்செடுத்திருக்கு. கந்தசஷ்டிக் கிழமை. பாதிச் சனம் விரதம். வருசத்திலயே ஆகக் குறைஞ்ச இறைச்சி போற கிழமை அதுதான். அதிலயும் குறைச்சு, பதினொண்டு. கடையில வச்சுப் பிடியுங்கோ எண்டும் எழுதேல்லை, வாங்கிறவையையும் பிடியுங்கோ எண்டும் எழுதேல்லை. அகலமான இடத்தில மறியுங்கோ எண்டு எழுதியிருக்கு.” மயூரி கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாறினாள். “உது ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லி எழுதின கடிதமில்லை, பிரவீண். ஒரு ஆளை நிப்பாட்டச் சொல்லி எழுதினது.”

“போன வாரம் அவங்க கையாலதான் தோசை சாப்பிட்டோம்,” என்றான் பிரவீண் சன்னமாக.

*

ரூஜில் அந்த வீட்டுக் கதவைச் சந்திரவதனாதான் திறந்தார். ஐம்பத்துநான்கு வயது. தலைமுடியை இறுக்கிக் கட்டி, கம்பளிச் சட்டைக்கு மேல் ஏப்ரன் அணிந்திருந்தார்.

“வாங்கோ பிள்ளை. வாரும் தம்பி. அண்ணை உள்ளுக்கு இருக்கிறார்.”

இரத்தினவேல் முன்னறையில், கட்டுப் போட்ட வலது காலை ஸ்ரூலில் நீட்டி இருந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல கம்பீரம். பிரவீண் அருகே அமர்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“பிறம்ரனுக்குப் போனனீங்கள்தானே? என்னவாம் அந்தத் துரோகி? அவன் காட்டிக் குடுத்த கவலையிலதான் எனக்குச் சீனி ஏறினது. இந்த விரலைத் திண்டவன் அவன்தான். டொக்டருக்கு என்ன தெரியும்?”

இதைத் தினமும் சொல்கிறார் என்பது, குசினிக்குள் ஒரு பாத்திரமும் சத்தம் போடாமல் நின்ற விதத்தில் மயூரிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோலக் குசினிக்குள் போனாள். கதவை ஒருக்களித்தாள்.

சந்திரவதனா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றாள் மயூரி, “அந்தக் கிழமை பதினொரு பெட்டி போதும் எண்டு அண்ணைக்கு எப்ப சொன்னனீங்கள்?”

கத்தி நின்றது.

“புதன்கிழமை மத்தியானம்.”

“அதுக்குப் பிறகு எத்தினை மணிக்குக் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தனீங்கள்?”

சந்திரவதனா கத்தியைக் கழுவினார். துடைத்தார். லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல உட்கார்ந்தார்.

“நாலேகாலுக்கு அனுப்பினன்,” என்றார். “அழுதழுதுதான் எழுதினன். ஒரு பக்கம் எழுத ரெண்டு மணித்தியாலம் எடுத்தது.”

“றொபேட் அண்ணை கிங்ஸ்ரன் விசயத்தைச் சொன்னவர்.”

“ஓம். போன் எடுத்துச் சொன்னவர். ஆனா அதுக்கு முதலே எனக்குத் தெரியும். ஆவணியில ஒருநாள் வந்தவர், நடக்கேக்க டக் டக் எண்டு சத்தம். சப்பாத்தைக் கழட்டிப் பாத்தா அடியில ஒரு ஆணி, பிள்ளை. இவ்வளவு நீளம். சப்பாத்தைத் துளைச்சு, காலுக்குள்ள ஏறி, சொக்ஸ் எல்லாம் ரத்தம். ஸ்காபரோவில குத்தினது. மொன்றியல் மட்டும் அந்தக் காலாலதான் பிறேக்கை அமத்திக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்குத் தெரியாது. நான் அழ அவர் சிரிக்கிறார். நோகேல்லை எண்டா காயமில்லையாம்.”

“இறைச்சி வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னன். ஒரு கிழமை, ஒண்டும் வேண்டாம் எண்டன். முப்பது பெட்டியோட வந்து நிக்கிறார். ‘உன்ர கடைக்கு வாற சனம் வெறுங்கையோட திரும்பக்கூடாது’ எண்டார். கடையை மூடுறன் எண்டன். ‘நான் உயிரோட இருக்குமட்டும் மூட விடன்’ எண்டார். என்ர மனிசன் என்னை விட்டிட்டுப் போகேக்க, அண்ணைதான் அந்தக் கடையைப் போட்டுத் தந்தவர். அது அவருக்குக் கடையில்லை.”

வெளியே இரத்தினவேல் உரக்க எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிரவீண் வேண்டுமென்றே கேள்விகளாகக் கேட்டு அவரைப் பேச வைத்துக்கொண்டிருந்தான்.

“டிரைவிங் லைசென்ஸ் ஒஃபிசுக்கு எழுதியிருந்தா வீட்டுக்குள்ளயே இருத்திப்போடுவினம். கடைக்கும் போகேலாது. அது அவரைக் கொண்டுபோடும். எனக்கு அந்த நீள ஓட்டம் மட்டும் நிண்டாப் போதும். அந்த இறைச்சிச் சட்டம் ஒன்பது வருசமா எங்கட வயித்தில அடிச்சது, பிள்ளை. ஒருநாளைக்கு அது எனக்கு உதவட்டும் எண்டு நினைச்சன். பதினொரு பெட்டியோட போகட்டும், ஒரு எச்சரிக்கையோட விடுவினம் எண்டு நினைச்சன்.” அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். “வழக்கு வருமெண்டு நினைக்கேல்லை. றொபேட்டை நிப்பாட்டுவார் எண்டு நினைக்கேல்லை.”

“றொபேட்டை நிப்பாட்டினது தெரிஞ்ச பிறகு?”

சந்திரவதனா மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டினார்.

“வாய் திறக்கேல்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு படுத்தன். அண்ணையை நிப்பாட்டினதுக்கு நான் கவலைப்படேல்லை. றொபேட்டின்ர விசயத்தில நான் செய்ததுக்கு எனக்கு மன்னிப்பில்லை.”

“நான் அண்ணைக்கு உண்மையைச் சொல்லத்தான் வேணும், அக்கா. அதுக்குத்தான் என்னை வச்சிருக்கிறார். ஆனா இப்ப நான் இன்னும் பத்து நிமிசம் தண்ணி குடிப்பன்.”

சந்திரவதனா புரிந்துகொண்டார். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

*

அவர் உட்காரவில்லை. அண்ணனுக்கு முன்னால் நின்று, நான்கைந்து வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அழவில்லை. காரணத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். றொபேட்டைப் பற்றி இரண்டு தடவை சொன்னார்.

இரத்தினவேல் முதலில் மயூரியைப் பார்த்தார். இல்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தவர் போல. மயூரி கண்ணைத் தாழ்த்தினாள்.

“பதினொண்டு போதும் எண்டனீ,” என்றார் கடைசியில். “சஷ்டி எண்டனீ.”

“சஷ்டியும்தான் அண்ணை.”

“அரசாங்கம் கோடு போட்டது. நான் தாண்டினன். அது எனக்கும் அவங்களுக்கும். நீ ஏன் போய் அவங்கட பக்கத்தில நிண்டனீ?”

“உங்கட பக்கத்தில நிண்டு சொன்னன். நீங்கள் கேக்கேல்லையே.”

இரத்தினவேல் குனிந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். ஆணியையும் தடுப்பையும் அவர் மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு மனிதன் தான் பயந்ததை இன்னொருவர் முதலே கண்டுகொண்டார் என்று அறியும்போது வரும் முகம் அது.

“நம்பரைப் போடு,” என்றார் யாரையும் பார்க்காமல். “றொபேட்டின்ர.”

பிரவீண்தான் அழைத்து, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தான். வேலை முடிந்து றொபேட் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தார். காற்று இரைந்தது.

“றொபேட். நான் இரத்தினவேல்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“நீ இல்லை எண்டு தெரிஞ்சு போச்சு.”

தங்கையின் பெயர் வரக்கூடாது என்று றொபேட் வேண்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். “பரவாயில்லை அண்ணை,” என்றார். “ஆரெண்டாலும் நல்லதுக்குத்தான் செய்திருப்பினம். காலைக் கவனமாப் பாருங்கோ.”

“நான் பிழை விட்டிட்டன். திங்கக்கிழமை வேலைக்கு வா.”

“இல்லை அண்ணை.”

“ஏன்? கோவமே?”

“கோவமில்லை. சேர்ச்சில என்ர மனிசி இருக்கிற வாங்கில, பக்கத்தில ஒருத்தரும் வந்து இருக்கிறேல்லை அண்ணை. அஞ்சு கிழமையா. அவ வீட்டை வந்து ஒண்டும் சொல்லுறதில்லை. எனக்கு அந்தக் கடைக்குள்ள திரும்பக் கால் வைக்க ஏலாது.” பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “வைக்கிறன் அண்ணை.”

இரத்தினவேல் தொலைபேசியை மடியில் வைத்தார். அவரைத் தேற்ற யாரும் முயலவில்லை.

“அண்ணை,” என்றாள் மயூரி. “நான் அறிக்கை எழுதித் தருவன். ஆனா ஆறு கடைக்கும் போன் எடுத்தது நீங்கள். என்ர கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்.”

அவர் மறுக்கவில்லை. ஒவ்வொரு கடையாகத் தொலைபேசி எடுத்தார். “நான் சொன்னது பொய். றொபேட் சுத்தமான ஆள். உங்கட மனிசியிட்டயும் சொல்லுங்கோ.” ஆறு தடவையும் அதையே சொன்னார். அப்ப ஆர்தான் காட்டிக் கொடுத்தது என்று ஆறு பேரும் கேட்டார்கள். ஆறு பேருக்கும், “அது என்ர வீட்டு விசயம்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். சந்திரவதனா மாடிப்படியின் கைபிடியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து மணியானது. புண் கட்டும் நேரம். சந்திரவதனா வழமைபோல மருந்துப் பெட்டியையும் துவாயையும் எடுத்துவந்து காலடியில் குந்தினார். இரத்தினவேல் காலை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம்.”

சந்திரவதனா பெட்டியைத் தரையிலேயே வைத்துவிட்டு எழுந்து மறுபடி படிக்கட்டுக்குப் போனார். இரண்டாம் படியில் உட்கார்ந்தார்.

இரத்தினவேல் தானே குனிந்து கட்டை அவிழ்த்தார். புண் பாதத்தின் அடியில் இருந்தது. எவ்வளவு வளைந்தும் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. துணி எங்கே படுகிறது என்று காலும் சொல்லவில்லை. புண்ணுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நல்ல தோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரவீண் எழுந்தான். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, அவருக்கு முன்னால் முழந்தாளிட்டான்.

“குடுங்க சார். எங்கப்பாவுக்கும் இதே சுகர்தான்.”

இரத்தினவேல் துணியை விட்டுவிட்டார். பிரவீண் பாதத்தைத் தூக்கித் தன் தொடையில் வைத்தான். அங்கே ஒரு விரல் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மூன்று குழாய் இருந்தது. எதை எடுப்பதென்று தெரியாமல் தடவினான்.

“நீலம்,” என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல். “முதல்ல உப்புத் தண்ணியால கழுவும் தம்பி. தேய்க்காதையும். ஒத்தும்.”

பிரவீண் ஒத்தினான்.

“விரல் இடுக்கையும் பாரும். ஈரம் நிக்கக்கூடாது.”

பார்த்தான். துடைத்தான். நீலக் குழாயைத் திறந்தான்.

இரத்தினவேல் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். தங்கையை அவர் பார்க்கவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த எட்டு நாளும், தங்கை மொன்றியலுக்குத் திரும்பிப்போக பஸ் ஏறும் வரைக்கும், நேருக்கு நேர் பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பின்னேரம், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, யன்னலைப் பார்த்தபடியே பிரவீணிடம் சொன்னார்:

“அவவைக் கேளும், எவ்வளவு பூசுறதெண்டு.”